கயிறு எங்கே போகிறது?

போன வருஷம் முடித்த ஒரு சின்ன சாமுராய் (பழைய ஜப்பானியப் போர்வீரன்) உருவம் என் அலமாரியில் சுவரைப் பார்த்து நிற்கிறது. தண்டனைதான். நாலு மாதம் உட்கார்ந்து வர்ணம் தீட்டினேன். முடித்த பெருமையில், என்னைப் போலவே இந்தப் பைத்தியம் பிடித்த ஒரு தம்பியின் கையில் கொடுத்தேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பேசவே இல்லை. கடைசியில், "அண்ணே, இந்தக் கொடிக்கம்பத்த எது புடிச்சிருக்கு?" என்றான்.

பார்த்தேன். ஒன்றும் பிடித்திருக்கவில்லை. சுவரில் பல்லி ஒட்டியிருப்பது போல, கம்பம் முதுகுக் கவசத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

சாமுராய்கள் முதுகில் செருகிக்கொள்ளும் அந்தக் கொடிக்கு சஷிமோனோ என்று பெயர். நிஜத்தில் அதற்கு இரண்டு இடத்தில் பிடிமானம் உண்டு. தோள்பட்டை மட்டத்தில் காத்தாரி என்ற இரும்புத் தாங்கி. இடுப்பு மட்டத்தில், கம்பத்தின் அடி வந்து உட்கார ஒரு குவளை. இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு மரக்குழாய் இறங்கும். அதற்குள்தான் கம்பம் நிற்கும். குதிரையில் போகிறவன் முதுகில் காற்றோடு மல்லுக்கு நிற்கிற கம்பம் அது, பிடிமானம் இல்லாமல் முடியுமா? என் உருவத்தைச் செதுக்கியவர் கொடியின் துணி மடிப்பை அற்புதமாகச் செதுக்கியிருந்தார். கொடியின் ஓரத் தையல்கூட இருந்தது. காத்தாரி மட்டும் இல்லை. நாலு மாதம் தையலைப் பார்த்து வியந்துகொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

அதனால் இந்த முறை புதிய கிட் (துண்டுகளாக வந்து, நாமே ஒட்டித் தீட்டும் உருவம்) வந்ததும், பிரைமர் என்ற அடிப்பூச்சு டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே பார்ப்பது என்று முடிவு செய்தேன். 75 மில்லிமீட்டர் உருவம், சாம்பல் நிற ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்), 27 துண்டுகள். 16ஆம் நூற்றாண்டின் கடைசிக்கால வீரன் ஒருவன் வாளை உருவி, முழங்காலை லேசாக மடித்து நிற்கிறான். பெட்டியின் மேல் 'அதிநுணுக்க வேலைப்பாடு' என்ற பொருளில் வழக்கமான வாசகம். அதை இப்போதெல்லாம் நான் படிப்பதில்லை. கயிறுகள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றன என்று மட்டும் பார்க்கிறேன்.

ஜப்பானியக் கவசம் என்பது அடிப்படையில் கயிறால் நிற்கிற ஒரு பொருள். ஐரோப்பிய மாவீரனின் கவசத்தை நினைத்தால் ஆணியும் கீலும் தோல்வாரும் நினைவுக்கு வரும். இங்கே தகட்டோடு தகட்டைப் பிணைப்பதே பெரும்பாலும் பட்டு நாடாதான். அந்தப் பிணைப்புக்கு ஓடோஷி என்று பெயர். தோள்கவசம் தொங்குவது, தலைக்கவசம் தலையில் நிற்பது, தொடைத் தகடு ஆடுவது எல்லாமே முடிச்சைப் பொறுத்தது. ஆகவே ஒரு கயிறு பாதியில் காணாமல் போனால் அது சின்னக் குறை அல்ல. செதுக்கியவர் கவசத்தின் படத்தைப் பார்த்திருக்கிறார், கவசத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

சரி, முதலில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை ரெசின் மேல் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். கழுவாமல் பிரைமர் அடித்தவர்களுக்குத் தெரியும், ஆறு மாதம் கழித்து வர்ணம் தோல் உரிவது போல உரியும். காய்ந்த பிறகு நான் இன்னொரு வேலை செய்வேன். கறுப்பு மையை நிறையத் தண்ணீரில் கரைத்து முழு உருவத்தின் மேலும் ஓடவிடுவேன். வெறும் ரெசின், அதிலும் தந்த நிற ரெசின், ரொம்பப் பொய் சொல்லும். வெளிச்சம் உள்ளே கொஞ்சம் ஊடுருவிவிடுவதால் கூர்மையான வேலைப்பாடும் மழுங்கலாகத் தெரியும், சில சமயம் மழுங்கலானதும் மென்மையான அழகாகத் தெரியும். மை பள்ளங்களில் தங்கியதும் உண்மை வெளியே வந்துவிடும்.

வந்தது. இடது முழங்கைக்குக் கீழே மூன்று காற்றுக் குமிழிகள், குண்டூசி முனை அளவு. வலது காலின் உட்பக்கம் அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோடு. இவையெல்லாம் வார்ப்பில் சகஜம். சிலிக்கான் அச்சில் பாலியூரிதேன் ரெசினை ஊற்றும்போது காற்று எங்கேயாவது சிக்கத்தான் செய்யும். அழுத்தத் தொட்டியில் வைத்து இறுக விட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும். குமிழி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தட்டையான இடத்தில் இருந்தால் ஒரு துளி புட்டி. மூக்கு நுனியிலோ நாடாவின் விளிம்பிலோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒரு சிலிக்கான் அச்சு சில டஜன் வார்ப்புகளுக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் மெல்லிய இடங்களில் கிழிபடும். நமக்கு வந்தது அந்த அச்சின் முதல் பிள்ளையா கடைசிப் பிள்ளையா என்பதைத் தலைக்கவசத்தின் விளிம்பைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். விளிம்பு சவரக் கத்தி மாதிரி இருந்தால் முதல் பிள்ளை. வளைந்து, குட்டிக் குட்டிப் பருக்களோடு இருந்தால், பருக்கள் எல்லாம் அச்சு கிழிந்த இடங்கள். எனக்கு நடுப்பிள்ளை வாய்த்திருக்கிறது.

இப்போது நிறைய உருவங்கள் வார்ப்பாக வராமல் நேரடியாக 3டி பிரிண்டரிலிருந்தே வருகின்றன. அவற்றுக்கு வேறு வியாதிகள். 0.05 மி.மீ. அடுக்காக அச்சிட்டால் நிமிர்ந்த பரப்பில் ஒன்றும் தெரியாது. தலைக்கவசத்தின் உச்சி மாதிரி மெல்லச் சரியும் வளைவில் மட்டும் வரைபடத்தில் மலையின் உயரக்கோடுகள் மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். கறுப்பு அரக்குப் பூச்சைத் தீட்ட வேண்டிய இடத்தில் இது வந்தால் தொலைந்தோம். உள்ளே குடைவாக அச்சிட்டு, இறுகாத ரெசினை வெளியேற்றாமல் ஓட்டையை அடைத்திருந்தால் இன்னும் மோசம். தீட்டி முடித்து ஒரு வருஷம் கழித்துக்கூட வெடிப்பு விட்டு, உள்ளேயிருந்து பிசுபிசுவென்று கசியும். எனக்கு ஒரு குதிரை அப்படிச் செத்தது. அதைப் பற்றிப் பேச இன்னும் மனசு வரவில்லை.

அளவுக்கு வருகிறேன். 75 மி.மீ. உருவத்தை 1/24, அதாவது நிஜ ஆளில் 24இல் ஒரு பங்கு, என்று சொல்வது வழக்கம். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை என்று வைத்தால் அது 180 செ.மீ. மனிதன். (சிலர் கண்மட்டம் வரை மட்டும் அளப்பார்கள், அது தனிக் குழப்பம்.) ஆனால் அந்தக் கால ஜப்பானிய ஆண்களின் சராசரி உயரம் 160 செ.மீ.யைத் தொடாது. 158 என்று வைத்தால் இதே உருவம் 1/21 ஆகிவிடுகிறது. இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். வாளில் வருகிறது. கைப்பிடியோடு சேர்த்து ஒரு கட்டானா ஏறத்தாழ ஒரு மீட்டர். 1/24இல் 42 மி.மீ., 1/21இல் 48 மி.மீ. குட்டையான மனிதன் கையில் வாள் பெரிதாகத் தெரிய வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 47. இந்தச் செதுக்கியவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் முதல் மரியாதை வந்தது.

வாள் பெட்டியிலிருந்து வரும்போது வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. பரவாயில்லை, சூடான தண்ணீரில் சில நொடி முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் நிற்கும். கட்டானாவுக்கு இயற்கையாகவே வளைவு உண்டு என்பதால் எவ்வளவு நிமிர்த்த வேண்டும் என்று தெரியாமல் தலைகீழாக வளைத்தவர்களும் உண்டு. நான் ஒருமுறை செய்திருக்கிறேன். காலியான உறையைப் பார்த்தால் வாளின் வளைவு தெரிந்துவிடும், அதற்குள்தானே போக வேண்டும். உறையை வைத்தே இன்னொரு சோதனையும் செய்யலாம். இடுப்புக் கச்சையில் செருகிய கட்டானா, வெட்டும் கூர் விளிம்பு மேலே பார்க்க இருக்கும். உறையின் வால் கீழ்நோக்கிச் சரியும். கயிறு கட்டித் தொங்கவிடும் டாச்சி வாள் நேர் எதிர், கூர் கீழே பார்க்கும், வால் மேல்நோக்கி எழும். செருகவேண்டியதைத் தொங்கவிட்டும் தொங்கவேண்டியதைச் செருகியும் செய்த உருவங்கள் ஏராளம். இதில் சரியாக இருந்தது.

கம்ப்யூட்டரில் செதுக்குபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: பாதி உடம்பைச் செதுக்கி, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக எடுத்துக்கொள்வார்கள். நேரம் மிச்சம், தப்பில்லை. ஆனால் சாமுராய் உடையில் கண்ணாடிப் பிம்பத்துக்கு ஒத்துவராத இடங்கள் பொறி வைத்தது போலக் காத்திருக்கின்றன.

முதல் பொறி, கழுத்து. கவசத்துக்கு உள்ளே போட்ட அங்கியின் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். கி.பி. 719இல் அரச ஆணையாகவே வந்த விதி இது. இன்றைக்கும் வலப்பக்கம் மேலே வரும்படி கட்டுவது பிணத்துக்கு மட்டும். அதாவது செதுக்கியவர் ஒரு விரலை அழுத்தியதில் வீரன் செத்தவனாகிவிடலாம். இரண்டாவது பொறி, மார்க்கவசம். இந்த வீரனின் காலத்துக் கவசங்களில், டோசெய் குசோகு என்று சொல்லப்படுபவற்றில், சாதாரண வகை இரண்டு துண்டாக இருக்கும்: இடது விலாவில் கீல், வலது விலாவில் முடிச்சு. கதவு மாதிரி. என்னிடமுள்ள வேறொரு உருவத்தில் இரண்டு விலாவிலும் கீல் இருக்கிறது, அந்த மனிதர் எப்படி உள்ளே போனார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். மூன்றாவது, நெற்றிச் சின்னம். ஜப்பானியப் பிரபு தாதே மசமுனேயின் புகழ்பெற்ற பிறைச் சின்னத்தில் ஒரு பக்கக் கொம்பு மற்றதைவிடக் குட்டை. அவருடைய கறுப்புக் கவசம் செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படங்கள் எங்கும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் இரண்டு பக்கமும் சமமாக, பெருமாள் நாமம் போல அழகாகச் செதுக்கிவிடுகிறார்கள்.

புதிய உருவத்தில் கழுத்து சரி. விலாவும் சரி, வலப்பக்கம் முடிச்சு, இடப்பக்கம் கீல், கீலின் ஊசித் தலைகூட இருக்கிறது. நெற்றியில் வெறும் வட்டத் தகடு என்பதால் பிரச்சினை இல்லை. கை மட்டும் ஒரு நிமிஷம் என்னைப் பயமுறுத்தியது. பிடியில் வலது கை முன்னால், வாள் காப்புக்கு அருகில் இருக்க வேண்டும், இடது கை அடியில். துண்டாகப் பார்க்கும்போது தலைகீழாகத் தெரிந்தது. பசை போடாமல் சேர்த்துப் பார்த்தபோதுதான் சரி என்று புரிந்தது.

இப்போது நாடா. இதில்தான் ஒரு வாரத்தில் நாலு நாள் போனது.

நாடாப் பிணைப்பில் பெரிய வகைகள் இரண்டு. கெபிகி என்பது நெருக்கமானது. தகட்டின் முகமே தெரியாமல் பட்டு நாடா பக்கத்தில் பக்கத்தில் இறங்கும். சுகாகே என்பது இடைவெளி விட்டு, இரண்டு இரண்டு நாடாவாக வருவது. பழைய காலப் பெரிய கவசங்களில் நெருக்கமானதுதான் அழகு. ஆனால் அவ்வளவு பட்டு மழையில் நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது, குளிரில் உறையும், மாதக்கணக்கில் முகாமிட்டால் அதற்குள் பேனும் பூச்சியும் குடியேறும். 16ஆம் நூற்றாண்டில் ஓயாத போர், பெரிய படைகள், 1543க்குப் பிறகு துப்பாக்கி. சின்னச் சின்னத் தகடுகளைக் கோத்த காலம் போய்ப் பெரிய இரும்புத் தகடுகள் வந்தன, நாடாவும் குறைந்தது. ஆகவே செகிகஹாரா போர் நடந்த 1600ஐ ஒட்டிய ஒரு சாதாரண வீரனின் உடம்பு முழுக்க நெருக்கமான நாடாவைச் செதுக்கி 'அதிநுணுக்கம்' என்று விற்றால், அவர் வேலை கூடுதலாகச் செய்திருக்கிறார் என்பது உண்மை, யோசிக்காமல் செய்திருக்கிறார் என்பதும் உண்மை.

என் ஆளுக்கு மார்பில் வெறும் தகடு. இடுப்பிலிருந்து தொடை மேல் இறங்கும் தொங்கு தகடுகளில் சுகாகே. நாடாவின் அகலம் நிஜத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இந்த அளவில் 0.4 மி.மீ. பக்கம். லென்ஸை மாட்டிக்கொண்டு வலது தொடைப்பக்கத்து முதல் ஜோடியைப் பிடித்துக் கீழிருந்து மேலே போனேன். அடித் தகட்டில் குறுக்குத் தையல், பெருக்கல் குறி மாதிரி. அங்கிருந்து இரண்டு நாடாவும் ஒரு துளைக்குள் போய், மேல் தகட்டின் துளையில் வெளியே வருகின்றன. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. கடைசியில் மார்க்கவசத்தின் கீழ் விளிம்புக்கு வருகின்றன. அங்கே தகடு இல்லாமல் நாடா மட்டும் நீளமாகத் தொங்கும் ஓர் இடைவெளி உண்டு. இடுப்புக் கச்சை கட்டுவதற்கும் உடம்பு வளைவதற்கும் விட்ட இடம். பல உருவங்களில் இந்த இடைவெளி அடைத்து வார்க்கப்பட்ட சுவராக இருக்கும். இதில் நாடாக்களுக்குப் பின்னால் பள்ளம் இருக்கிறது, மை உள்ளே போய்க் கறுத்து நிற்கிறது. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் விதமும் சரி. நமக்கு ஓட்டுக்கூரைதான் பழக்கம், மேல் ஓடு கீழ் ஓட்டை மூடும். ஜப்பானியத் தோள்கவசத்திலும் தொங்கு தகட்டிலும் அது தலைகீழ்: கீழ்த் தகடுதான் வெளிப்பக்கம் இருக்கும். பெட்டியில் மடக்கி வைக்கும்போது தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று சுருங்கி அடங்கும். ஓடு மாதிரி செதுக்கிய கவசத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது.

தொங்கு தகட்டுத் தொகுதிகள் ஏழு. எண்ணிவிட்டேன். தலைக்கவசத்தின் மேலிருந்து இறங்கும் மேட்டு வரம்புகளையும் எண்ணினேன்: 32. நிஜத்திலும் 32 வரம்பு வைத்த தலைக்கவசம் உண்டு, 62 வைத்ததும் உண்டு. 9 மி.மீ. நீளமே உள்ள கிண்ணத்தில் 62 வைத்திருந்தால் பிரைமரின் ஒரு பூச்சிலேயே பாதி மூழ்கியிருக்கும். இவர் 32ஐத் தேர்ந்தெடுத்தது வரலாறுக்கும் பொருந்துகிறது, தூரிகைக்கும் பொருந்துகிறது.

இதே புத்தி முழங்கைச் சங்கிலி வலையில் வேலை செய்யவில்லை. அதில்தான் என் பெரிய புகார். வளையம் வளையமாக, அத்தனையையும் செதுக்கிவிட்டார். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது பிரமாதமாக இருந்திருக்கும். அச்சில் வரும்போது அது உப்புத்தாள் ஆகிவிட்டது. வளையமும் இல்லை, துணியும் இல்லை, ஏதோ ஒரு சொரசொரப்பு. வெறும் புள்ளிக் கோலம் மாதிரி ஒழுங்கான மேடுபள்ளம் வைத்திருந்தால், கறுப்பு அடித்து மேலாக இரும்பு நிறத்தைத் தொட்டு எடுத்ததும் கண் தானாகவே அதைச் சங்கிலி என்று படித்திருக்கும்.

மூன்றாம் நாள் மகள் வந்து மேஜையோரம் நின்றாள். கிட்டில் இரண்டு தலைகள், ஒன்று வெறும் முகம், ஒன்று முகமூடியோடு. முகமூடித் தலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த மீசை இவருக்கா, முகமூடிக்கா?" என்றாள்.

நல்ல கேள்வி. முகமூடிக்குத்தான். கண்ணுக்குக் கீழே மூக்கு, கன்னம், தாடை எல்லாவற்றையும் மூடும் இரும்பு முகம் அது. கோபத்தில் சுருங்கிய தோல், பல், அதன் மேல் உண்மையான மயிரில் மீசை. தாடைக்கடியில் வியர்வை வடிய ஒரு துளையும் இருக்கும். தொண்டையை மறைக்க அடியில் தொங்கும் தகடுகளுக்கு யோதாரேகாகே என்று பெயர், குழந்தைக்குக் கட்டும் எச்சில் துணிக்கும் அதே பெயர்தான். மகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

"அப்போ உள்ள இருக்கிறவருக்கு மீசை இருக்குமா இருக்காதா?"

"தெரியாதும்மா. கண்ணு மட்டும்தான் தெரியுது."

"கண்ணு கோவமா இல்லையே" என்றாள்.

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். உண்மை. முகமூடி கர்ஜிக்கிறது, அதற்கு மேலே இருக்கும் கண்கள் கொஞ்சம் இறங்கிய இமைகளோடு, தூக்கம் கெட்டவன் கண்கள் மாதிரி இருக்கின்றன. இரண்டு முகத்துக்கும் ஒரே பாவம் வைத்துவிட்டுப் போவதுதான் சுலபம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். மூன்று நாளாக நாடா எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவில்லை. ஒன்றும் பேசாமல் வெறும்முகத் தலையை எடுத்து உதிரி டப்பாவில் போட்டேன்.

முகமூடியிலும் கயிற்றைத் தேடினேன். தலைக்கவசத்தின் கயிறு கன்னத்தின் வழியாக இறங்கித் தாடைக்கடியில் முடிச்சாகிறது. கயிறு வழுக்காமல் இருக்க முகமூடியின் தாடையில் சின்ன முளைகள் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருக்கிறது, கயிறு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. இடப்பக்கம் கயிறு வளைகிறது, முளை இல்லை. செதுக்கியவர் மறந்தாரா, வார்ப்பில் நிரம்பவில்லையா? லென்ஸில் பார்த்தால் அங்கே ஒரு வட்டத் தழும்பு. முளை இருந்து உடைந்திருக்கிறது. பெட்டிக்குள் துண்டுகளை ஒரே பையில் கொட்டி அனுப்பியிருந்தார்கள். இவ்வளவு நுணுக்கமான பொருளைச் செய்துவிட்டு அனுப்பும்போது கடலை மாதிரி கொட்டி அனுப்புகிறவர்களை என்ன சொல்வது. பையின் மூலையில் தேடினேன், அந்த அளவுத் துகளைத் தேடுவதே பைத்தியக்காரத்தனம்.

முதுகை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். காத்தாரி இருக்கிறது. தனித் துண்டாக, இரண்டு கை நீட்டி நடுவில் சதுர ஓட்டையோடு. இடுப்பில் குவளை இருக்கிறது. நடுவில் குழாய். கம்பத்தை மேலிருந்து விட்டேன், பசையில்லாமலே நின்றது. தம்பிக்குப் போன் செய்யலாமா என்று நினைத்து, முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போன தடவை அவசரப்பட்டதே போதும்.

சேர்ப்பு வேலையில் சொல்ல அதிகமில்லை. இணைப்புகள் பெரும்பாலும் தகட்டின் ஓரத்திலோ கச்சைக்கடியிலோ ஒளிந்திருக்கின்றன, அது செதுக்கியவரின் நல்ல மனசு. இடது தோள்கவசம் மட்டும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறது. பிளாஸ்டிக் கிட் ஒட்டும் சிமென்ட் ரெசினைக் கரைக்காது, சூப்பர் குளூதான். அதுவும் தனியாக நம்ப முடியாது என்பதால் கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்கும் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகிவிட்டேன். தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும். ரெசின் தூசி நுரையீரலுக்கு நண்பன் இல்லை.

ஆக, வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்பேன். முதல் உருவமாக வேண்டாம். சங்கிலி வலையில் கை நொந்துவிடும், 27 துண்டில் ஆறேழு துண்டு இமை மயிர் கனம்தான் இருக்கிறது. ஐந்தாறு உருவம் தீட்டியவருக்கு இது நல்ல வாத்தியார். பெட்டி மேலிருக்கும் படத்தை மட்டும் மறந்துவிடவும். அதைத் தீட்டியவர் வேறு உலகத்து ஆள், நம் தூரிகைக்கும் அவர் தூரிகைக்கும் நடுவில் இருபது வருஷம் இருக்கிறது.

நேற்று இடப்பக்க முளையைச் செய்தேன். 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியில் ஒரு மில்லிமீட்டர் துண்டு. இரண்டு துண்டு தரையில் விழுந்து மறைந்தன, மூன்றாவது நின்றது. இரவில் கறுப்புப் பிரைமர், மேலிருந்து மட்டும் லேசாக வெள்ளை. காலையில் பார்த்தால் வெளிச்சம் விழும் இடமெல்லாம் தானாகவே எழுந்து நின்றது. கயிறு முளையைச் சுற்றி வளைந்து, தாடைக்கடியில் முடிச்சுக்குள் போகிறது.

அரக்குப் பூச்சுக்குக் கறுப்பில் கொஞ்சம் செம்பழுப்பு கலப்பது என்பது முடிவு. சுத்தக் கறுப்பு செத்த நிறமாக இருக்கும். நாடாவுக்கு ஆழ்ந்த நீலம் என்று நினைத்திருந்தேன், அந்தக் காலக் கவசங்களில் சாதாரணமாக வருவது. மகள் பச்சைதான் என்கிறாள். பச்சையா, சாமுராய்க்கா என்று சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். இளந்தளிர் நிறத்துக்கு மோஎகி என்று அவர்களிடம் தனிப் பெயரே உண்டு, பழைய கவசங்களில் அந்த நிற நாடா இருந்திருக்கிறது. தட்டில் மஞ்சளை எடுத்து, நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்த்தேன். முதல் கலவை பாசி மாதிரி வந்தது. "இது இல்ல" என்றாள். இன்னும் கொஞ்சம் மஞ்சள் போட்டேன்.